முழு சிந்தெட்டிக் ஆயில் ஊற்றியும் மைலேஜ் ஏறவில்லை, எங்கே கோட்டைவிட்டேன்?

நொய்யல்கரை | ஞாயிறு, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2016 மாடல், 1.5 லிட்டர் பெட்ரோல் செடான், கியர் வண்டி. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு ஆயிலை விட்டுவிட்டு அந்தக் கம்பெனியின் பூர்வீகத்துக்குப் போய்விடும். உக்கடத்திலிருந்து கிணத்துக்கடவுக்கு தினமும் போக வர 44 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு லிட்டருக்கு 15 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்த வண்டி, இப்போது 13-க்கே மூச்சு வாங்குகிறது.

போன மாதம் ஆயில் மாற்றும் நேரம் வந்தது. இதுவரை ஊற்றியது சாதாரண 5டபிள்யூ-30 (ஆயிலின் தடிப்பைச் சொல்லும் எண்). "முழு சிந்தெட்டிக் போடுங்கள், மைலேஜ் தானாக ஏறும்" என்றார் கடைக்காரர். செயற்கை ஆயில் என்று விற்கப்படுவது அது. கேன் 2,900 ரூபாய். வீட்டில் 1,500 என்று சொல்லியிருக்கிறேன். முதல் டேங்க் 13.1 கொடுத்தது, இரண்டாவது 12.7. ஏறவில்லை என்றாலும் பரவாயில்லை, இறங்குவது எந்த ஊர் நியாயம்?

மாட்டுத்தாவணி | ஞாயிறு, காலை 8.02

நண்பரே, உங்களுக்குக் கிடைத்தது போலி ஆயிலாக இருக்கும். நான் முழு சிந்தெட்டிக்குக்கு மாறியதும் 16 கொடுத்த வண்டி 19 கொடுத்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடி போய் வந்தேன், டேஷ்போர்டில் எண் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். எஞ்சின் வெண்ணெய்போல் ஓடுகிறது. ஒருமுறை சிந்தெட்டிக் போட்டவன் பழைய ஆயிலைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

எண்கணக்கன் | ஞாயிறு, காலை 9.35

மதுரை நண்பருக்கு: 16-லிருந்து 19 என்றால் ஏறத்தாழ 19 சதவீதம். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகவே போய்விடுகிறது. எஞ்சினுக்குள் உராய்வுக்குச் செலவாவது தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு. அந்த உராய்வில் பெரும் பங்கை மந்திரம் போட்டு மறைத்தால்தான் உங்கள் கணக்குக்குப் பக்கத்திலாவது வர முடியும். ஆயிலால் அதில் ஒரு துண்டைத்தான் குறைக்க முடியும்.

அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் சொல்வது இதுதான்: தயாரிப்பாளர் சொன்ன தடிப்பில் உள்ள ஆயிலை ஊற்றினால் 1 முதல் 2 சதவீதம் கிடைக்கும். 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் 10டபிள்யூ-30 ஊற்றினால் அதே 1 முதல் 2 சதவீதம் போகும். அங்கே பேச்சு தடிப்பைப் பற்றியது. சிந்தெட்டிக் என்ற சொல்லுக்குத் தனிப் பரிசு எதுவும் இல்லை.

நொய்யல்கரைக்கு: 13.1, 12.7 என்பது ஒரு மாற்றமே இல்லை. 30 லிட்டர் நிரப்பும்போது பங்கில் குழாய் அரை லிட்டர் முந்தியோ பிந்தியோ நின்றாலே ஒன்றரை சதவீதத்துக்கு மேல் பிசகும். வண்டி சற்றுச் சரிவான இடத்தில் நின்றாலும் அப்படியே. இரண்டு சதவீத லாபத்தை இரண்டு டேங்கில் பிடிக்க நினைப்பது, மூட்டை எடை போடும் தராசில் தங்கத்தை நிறுப்பது போன்றது. ஒரே பங்க், ஒரே குழாய், தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. குறைந்தது ஐந்தாறு டேங்க். மதுரை நண்பர் பார்த்த டேஷ்போர்டு எண் இன்னும் தாராள மனம் கொண்டது. பல வண்டிகளில் அது உண்மையைவிடக் கூட்டியே காட்டும்.

பழைய ஸ்பேனர் | ஞாயிறு, காலை 10.20

தம்பி, நான்கு கேள்வி. ஊற்றிய கேனில் என்ன எண் போட்டிருந்தது? வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன எண் இருக்கிறது? டயரில் காற்று எவ்வளவு? ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்ததுண்டா? தொடச் சொல்லவில்லை, பக்கத்தில் மட்டும்.

நொய்யல்கரை | ஞாயிறு, பிற்பகல் 1.15

ஐயா, புத்தகத்தைத் தேடியே எடுத்தேன். டேஷ்போர்டு பெட்டியில் பழனி பஞ்சாமிர்த டப்பாவுக்குக் கீழே இருந்தது. அதில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. நான் ஊற்றியது 5டபிள்யூ-40. கடைக்காரரும் மெக்கானிக்கும் ஒரே குரலில் "நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் மாதிரி ஆயில் தாங்காது, கெட்டியாக இருந்தால்தான் எஞ்சின் நிற்கும்" என்றார்கள். காற்று பார்த்தேன், 26 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இருந்தது, 32 இருக்க வேண்டும். சக்கரச் சூடு பார்த்ததில்லை. நாளை பார்க்கிறேன்.

எண்கணக்கன் | ஞாயிறு, பிற்பகல் 3.40

அப்படியானால் விஷயம் பாதி வெளிச்சமாகிவிட்டது. அதிக விலை கொடுத்து அதிக தடிப்பை வாங்கியிருக்கிறீர்கள்.

தடிப்பை சென்டிஸ்டோக் என்ற அலகில் அளக்கிறார்கள். 100 டிகிரி சூட்டில் 20 என்ற தரம் 6.9-க்கு மேல் 9.3-க்குள் இருக்க வேண்டும், 30 என்றால் 9.3 முதல் 12.5-க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள். 40 டிகிரியில், அதாவது சித்திரை மாதத்தில் மதிய வெயிலில் நின்ற வண்டிக்குச் சாவி போடும்போது ஏறக்குறைய இருக்கும் நிலையில், வித்தியாசம் இன்னும் பெரிது. 0டபிள்யூ-20 ஆயில் 40, 45 அளவில் இருக்கும். 5டபிள்யூ-40 அதைப்போல் இருமடங்கு. பழைய அம்பாசடர் காலத்து 20டபிள்யூ-50 150-ஐத் தாண்டும். பம்ப் அதைத் தள்ள வேண்டும், பேரிங் அதை அரைத்துக்கொண்டு சுழல வேண்டும், பிஸ்டன் வளையம் அதை வழித்துக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். ஆயில் எஞ்சினைக் காப்பாற்றுகிறது, அதற்குக் கூலியையும் பெட்ரோலாக வாங்கிக்கொள்கிறது.

"நம் ஊர் வெயில்" என்ற வாதத்தை நான் இருபது வருடமாகக் கேட்கிறேன். வெளியே 25 டிகிரியோ 41 டிகிரியோ, தெர்மோஸ்டாட் கூலன்ட்டை 90 டிகிரி பக்கத்தில் நிறுத்திவைக்கிறது. ஆயில் அதற்குச் சற்று மேலே, 100-ஐ ஒட்டி வேலை செய்கிறது. எஞ்சின் சூடான பிறகு ஆயிலுக்கு வெளியே கோயம்புத்தூரா குளிர்நாடா என்பது அவ்வளவாகத் தெரியாது. 5டபிள்யூ என்பதில் உள்ள டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 0டபிள்யூவை சைபருக்குக் கீழே 35 டிகிரியிலும், 5டபிள்யூவை 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். ஊட்டிப் பனியிலும் நமக்கு அது தேவைப்படாது. ஆனால் கோட்டுக்குப் பின்னால் வரும் எண், அதாவது சூட்டில் உள்ள தடிப்பு, நமக்கும் உண்டு.

ஸ்கார்பரோ வாசி | ஞாயிறு, இரவு 8.05

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் தள்ளிவிட்ட அந்த டபிள்யூதான் எங்களுக்கு வாழ்வு. இங்கே ஜனவரியில் சைபருக்குக் கீழே 20 டிகிரியில் இரவு முழுக்கத் தெருவில் நிற்கும் வண்டி காலையில் கிளம்ப வேண்டும். ஒருமுறை மலிவுக்கு ஆசைப்பட்டு 10டபிள்யூ-30 சாதாரண ஆயில் ஊற்றினேன். சாவியைத் திருப்பியபோது எஞ்சின், கருப்பட்டிப் பாகில் கரண்டி போட்டதுபோல் முனகியது. சிந்தெட்டிக் ஊற்றிய அடுத்த குளிர்காலத்தில் அந்த முனகல் இல்லை. ஆனாலும் எரிபொருள் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. குளிரில் குறுகிய ஓட்டம் ஓடினாலே மைலேஜ் விழும். 25 டிகிரியில் கொடுப்பதைவிட சைபருக்குக் கீழே 7 டிகிரியில் நகருக்குள் 15 சதவீதம் குறையும் என்று நீங்கள் சொன்ன அதே அமெரிக்கத் தளம் சொல்கிறது. அதில் ஆயிலின் பங்கு ஒரு பகுதி மட்டுமே.

நெல்லியடியான் | ஞாயிறு, இரவு 9.30

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று. இலங்கையில் ஓடுகிற கார்களில் யப்பானிலிருந்து இறக்கிய, பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் வாகனங்கள் நிறைய. அவற்றில் எஞ்சின் நின்று நின்று இயங்கும். சந்தியில் நின்றால் அணைந்துவிடும், திரும்ப ஓடும்போது பற்றும். ஒயில் நீண்ட நேரம் முழுச் சூட்டுக்கு வராது. அதனால்தான் யப்பான்காரர் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று மெல்லிய ஒயிலாகக் கேட்கிறார்கள். இங்கேயும் கராஜில் "எங்கட வெக்கைக்கு இது சரிவராது" என்று சொல்லித் தடித்த ஒயிலை ஊற்றிவிடுவார்கள். நான் ஒருமுறை விட்டுக்கொடுத்தேன். லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் குறைந்ததாகத் தோன்றியது. எண்கணக்கன் அண்ணை கணக்கு கேட்பார் என்பதால் "தோன்றியது" என்றே எழுதுகிறேன்.

மாட்டுத்தாவணி | திங்கள், காலை 6.50

கணக்குப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. மெல்லிய ஆயில் எல்லாம் எஞ்சின் நலத்துக்காகவா வந்தது? அரசாங்கம் சராசரி எரிபொருள் சிக்கன விதி போட்டது, கம்பெனிகள் அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று பிழிந்தெடுக்க 0டபிள்யூ-20-ஐப் புத்தகத்தில் எழுதின. ஒரே எஞ்சினுக்கு ஒரு நாட்டில் மெல்லிய ஆயில் மட்டும், இன்னொரு நாட்டில் தடித்ததும் ஆகலாம் என்று புத்தகம் போட்டது உண்டா இல்லையா?

எண்கணக்கன் | திங்கள், காலை 8.15

உண்டு. இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விதிதான் முதல் தூண்டுதல், மறுக்கவில்லை. ஒரு கம்பெனி பத்து லட்சம் வண்டி விற்றால் ஒரு சதவீதம் அதற்கு மலை, உங்களுக்கும் எனக்கும் கடுகு. மலைப்பாதையில் முழுச் சுமையோடு ஏறுகிறவரும், வண்டிக்குப் பின்னால் இழுவை மாட்டுகிறவரும் புத்தகம் அனுமதித்தால் ஒரு படி தடித்ததை ஊற்றுவதில் தவறில்லை. 40 ஊற்றியதால் நொய்யல்கரையின் எஞ்சின் கெட்டுவிடாது.

நான் சொல்ல வந்தது வேறு. மைலேஜுக்காகப் பணம் கொடுத்து, மைலேஜைக் குறைக்கும் தடிப்பை வாங்கக் கூடாது. கேனின் பின்பக்கம் வட்டமான ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) முத்திரை இருக்கும். மேல் பாதியில் தரம் (எஸ்என், எஸ்பி என்று, எஸ்பி 2020-இல் வந்தது), நடுவில் தடிப்பு எண், கீழ்ப் பாதியில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்ற சொல் இருந்தால் எரிபொருள் சிக்கனச் சோதனையில் தேறியது என்று பொருள். 5டபிள்யூ-40 கேனில் அந்தக் கீழ்ப் பாதி வெறுமையாக இருக்கும். முன்பக்கத்தில் தங்க எழுத்தில் இருப்பதெல்லாம் விற்பனைக்காரர் பேச்சு.

ஏட்டுச்சுவடி | திங்கள், காலை 11.00

சிந்தெட்டிக் என்ற சொல்லே ஒரு பெரிய கதை. பிஏஓ என்ற செயற்கை மூலக்கூறு ஆயிலையும் எஸ்டரையும் மட்டும்தான் ஆரம்பத்தில் அப்படிச் சொன்னார்கள். அமெரிக்காவில் காஸ்ட்ரால் ஆயில் கம்பெனி, கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்து எடுத்த மூன்றாம் வகை ஆயிலை சிந்தெட்டிக் என்று விற்றது. போட்டிக் கம்பெனியான மொபில், விளம்பரத் தீர்ப்பு அமைப்பிடம் புகார் செய்தது. 1999-இல் தீர்ப்பு காஸ்ட்ரால் பக்கம். அதன் பிறகு அந்தச் சொல்லை எல்லோரும் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் வகை மோசமான சரக்கு என்று சொல்லவில்லை, நல்ல ஆயில்தான். ஆனால் "முழு சிந்தெட்டிக்" என்ற இரண்டு சொற்களிலிருந்து உள்ளே இருப்பது எது என்று உங்களால் சொல்ல முடியாது.

புது ஆர்சி | திங்கள், நண்பகல் 12.30

அண்ணா, அந்த "ரிசோர்ஸ் கன்சர்விங்" ஆயிலை என் 150 சிசி பைக்குக்கு ஊற்றலாமா? அப்பா காருக்கு வாங்கியதில் ஒரு லிட்டர் மீதி இருக்கிறது.

பழைய ஸ்பேனர் | திங்கள், பிற்பகல் 12.45

வேண்டாம் தம்பி. கார் கிளட்ச் வெளியே காய்ந்து கிடக்கிறது, உன் பைக் கிளட்ச் அதே ஆயிலுக்குள் முங்கிக் கிடக்கிறது. உராய்வைக் குறைக்கும் மருந்து கிளட்சையும் வழுக்க வைக்கும். கேனில் ஜாசோ (ஜப்பானியத் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

விளாங்குறிச்சி | திங்கள், மாலை 6.20

நீங்கள் எல்லோரும் ஆயிலுக்குள் நீந்திக்கொண்டிருக்கிறீர்கள். பெட்ரோல் மாறியதை யாரும் பேசவில்லையே? மூன்று வருடத்துக்கு முன்பு பங்கில் வந்தது பத்து சதவீத எத்தனால், இப்போது இருபது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. பத்திலிருந்து இருபதுக்குப் போனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் மூன்றரை சதவீதம் குறைகிறது, வீட்டுக் கணக்கிலேயே போட்டுவிடலாம். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, பத்து சதவீதத்துக்குச் சீரமைத்த நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. 15-இல் மூன்றரை சதவீதம் போனால் 14.5. குறைந்ததில் கால் பங்கு அங்கேயே போய்விட்டது. எந்த ஆயிலும் அதைத் திருப்பித் தராது.

எண்கணக்கன் | திங்கள், மாலை 7.05

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். காற்றையும் சேர்த்துக்கொள்வோம். ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் என்பது அதே அமெரிக்கக் கணக்கு. ஆறு குறைந்திருக்கிறது, 1.2 சதவீதம். தடிப்புக்கு ஒன்றிரண்டு. எல்லாம் கூட்டினாலும் 6, 7 சதவீதம்தான் வருகிறது. 15-லிருந்து 13-க்கு விழுந்தது 13 சதவீதம். பாதியைக் காணவில்லை.

நொய்யல்கரை | செவ்வாய், காலை 10.10

காணாமல் போனது கிடைத்துவிட்டது.

காலையில் அலுவலக வாசலில் நிறுத்தியதும் ஸ்பேனர் ஐயா சொன்னபடி புறங்கையைக் காட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். காவலாளி நான் திருஷ்டி கழிப்பதாக நினைத்துக்கொண்டார். பின் சக்கரம் இரண்டும் வெதுவெதுப்பு. வலது முன்புறம் கொஞ்சம் கூடுதல். இடது முன்புறத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும்போதே, காலை நேரத்து ஓட்டலில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் அனல். காய்ந்த இரும்பு வாடை வேறு. அந்தச் சக்கரத்தில் மட்டும் ரிம் முழுக்கக் கரித்தூள் அப்பியிருக்கிறது. ஆறு மாதமாக ஞாயிறுதோறும் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், ஏன் இந்தப் பக்கம் மட்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பாட்டிலில் இருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் டிஸ்க்கில் விட்டேன். சுர்ரென்று போய்விட்டது.

பழைய ஸ்பேனர் | செவ்வாய், காலை 10.25

தண்ணீர் யார் விடச் சொன்னது? சூடான டிஸ்க் கோணிக்கொண்டால் அதற்கும் ஆயில் கேன் தேடுவீர்களா?

பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் வழுக்கு ஆணி (பின்) இறுகியிருக்கும், இல்லாவிட்டால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கும். சக்கரத்தைக் கழற்றாமல் "சரியாக இருக்கிறது" என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். இன்றே பாருங்கள், இது மைலேஜ் விஷயம் இல்லை.

நொய்யல்கரை | புதன், இரவு 9.00

பார்த்தாயிற்று. வேறு மெக்கானிக்கிடம் போனேன், பக்கத்திலேயே நின்றேன். ஜாக்கி ஏற்றி இடது முன் சக்கரத்தைக் கையால் சுற்றினார், அரைச் சுற்றுக்கூட வரவில்லை. வலது பக்கம் ஒரு தட்டுக்கு இரண்டு சுற்று ஓடியது. காலிப்பரில் இரண்டு பின். மேலே உள்ளது வந்துவிட்டது. கீழே உள்ளதைக் கழற்ற ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி, சுத்தியலால் தட்டி, இருபது நிமிடம். வெளியே வந்தபோது ரப்பர் உறை ஊதிக் கிழிந்திருந்தது, உள்ளே மஞ்சள் கிரீஸ் மெழுகாக இறுகிப்போயிருந்தது. உள்பக்க பேட் ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன், வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் இருக்கிறது.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பேட் மாற்றியபோது பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைத் தடவியிருக்கிறார்கள். அது ரப்பரை ஊத வைத்துவிடுமாம். பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும் என்று இவர் சின்னக் குழாய் ஒன்றைக் காட்டினார். விரல் நுனி அளவு போதும். பின், உறை, இரண்டு பக்க பேட், கூலி எல்லாம் சேர்த்து 3,150 ரூபாய். ஆயில் கேனைவிட 250 அதிகம். இதை வீட்டில் உள்ளபடியே சொல்லிவிட்டேன், பழைய 1,500-ஐயும் சேர்த்து.

மாட்டுத்தாவணி | புதன், இரவு 9.40

வாழ்த்துகள். ஆனால் ஆயில் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

நொய்யல்கரை | ஐந்து வாரம் கழித்து, சனி, காலை 8.30

எண்கணக்கன் கட்டளைப்படி ஒரே பங்க், ஒரே குழாய், ஐந்து டேங்க். காற்று 32, ஆயில் அதே 5டபிள்யூ-40. 14.3, 14.6, 14.2, 14.5, 14.4. சராசரி 14.4.

எண்கணக்கன் | சனி, காலை 9.15

எத்தனால் கழித்தால் வர வேண்டிய 14.5-க்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள். மீதி 0.1 ஆயிலா, பங்க் குழாயா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வருடத்துக்கு 13,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், லிட்டர் நூறு ரூபாய் என்று வைப்போம். 13-இல் ஓடினால் ஒரு லட்சம், 14.4-இல் ஓடினால் 90,300. பிரேக்கும் காற்றும் சேர்ந்து 9,700 ரூபாய் திருப்பித் தருகின்றன. 0டபிள்யூ-20-க்கு மாறி இரண்டு சதவீதம் கிடைத்தால் இன்னும் 1,800. அதற்காக இப்போது இருக்கும் ஆயிலை இறக்க வேண்டாம். அதன் காலம் முடியட்டும், அடுத்த முறை புத்தகத்தில் உள்ள எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மெல்லிய தரத்தில் வருவதெல்லாம் பெரும்பாலும் சிந்தெட்டிக்தான், தனியாகக் கேட்கவே வேண்டியதில்லை.

மாட்டுத்தாவணி | சனி, மாலை 5.50

ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், வேறு அர்த்தம் எடுக்க வேண்டாம். நான் ஆயில் மாற்றிய அதே நாளில் நான்கு டயரும் புதிதாகப் போட்டு அலைன்மென்ட் பார்த்தேன். பில்லைத் தேடியபோது இப்போதுதான் கவனித்தேன். தூத்துக்குடிக்குப் போனது நான்கு வழிச் சாலையில், ஞாயிற்றுக்கிழமை.

பழைய ஸ்பேனர் | சனி, மாலை 6.30

பில்லை எடுத்துவைத்தீர்களே, அதுவே பெரிது.

நொய்யல்கரைத் தம்பி, அந்தக் காலி கேன் எங்கே? அடியில் ஓட்டை போட்டீர்களா? நல்ல கேனுக்கு 30, 40 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு போய், கழிவு ஆயிலை வடிகட்டி நிரப்பி விற்கிற கூட்டம் இருக்கிறது.

நொய்யல்கரை | சனி, இரவு 7.05

கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் ஐயா. நாளை காலை ஆணியோடு போகிறேன்.